ஒன்றரை இஞ்ச் மேடு

என் தங்கை புவனா ஏதென்ஸ் போகிறாள் என்ற செய்தி ஒரு சிமெண்ட் மூட்டையின் படத்தோடு வந்தது. பார்த்தீனான் கோயிலின் எட்டுத் தூண்களுக்கு முன்னால் அந்த மூட்டை மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. கீழே, "இலக்கை எட்டிய எங்கள் டீலர்களுக்கும் அவர்தம் துணைவியருக்கும் கிரீஸ் சுற்றுலா" என்று மஞ்சள் எழுத்து. அதற்கும் கீழே புவனா சேர்த்து அனுப்பிய கைகூப்பும் பொம்மைகள் இரண்டு.

அந்தப் படத்தை நான் வகுப்பறை வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அன்றைய பாடமும் பார்த்தீனான்தான். கதைக்காகச் சேர்த்தது என்று நினைக்க வேண்டாம். ஜூலை மூன்றாவது வாரம் என்றால் எனக்குப் பார்த்தீனான்தான், இருபத்திரண்டு வருடமாக.

என் பெயர் கீதா. கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் கட்டடக்கலை வரலாறு நடத்துகிறேன். கிரேக்கக் கோயில்கள் என்னுடைய பகுதி. மரத்தில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கல்லுக்கு மாறியபோது, உத்தரத்தின் முனை வெளியே தெரிந்த இடத்தில் கல்லிலும் அதே முனையைச் செதுக்கிவைத்ததைச் சொல்வேன். தூணை நடுவில் லேசாகப் பருக்கவிட்டதைச் சொல்வேன். அந்தத் தூணும் முக்கோண முகப்பும் ரோமுக்குப் போய், லண்டனுக்குப் போய், கோர்ட்டாகவும் பேங்க்காகவும் வேஷம் கட்டி, கடைசியில் அவினாசி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் ஃபைபர் தூணாக வந்து நிற்கிறது என்று முடிப்பேன். வகுப்பு சிரிக்கும். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி சுருட்டி வைத்த அந்தத் தூண் தலைகளை அடிக்கணக்கில் விற்கிறார்கள் என்று சொல்லி நான் கிழிகிழியென்று கிழிப்பேன்.

இதெல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பார்த்தீனானின் படி மட்டமாக இல்லை. முன்பக்கம் நூறடி நீளம். அந்த நூறடியில் நடுப்பகுதி இரண்டரை இஞ்ச் உயர்ந்து இரண்டு பக்கமும் இறங்குகிறது. நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மூலையில் குனிந்து, படி மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், விளிம்போடு பார்க்க வேண்டும். எதிர்முனையில் ஒரு தொப்பியை வைத்தால் நடு மேடு அதை மறைத்துவிடும். மழைத் தண்ணீர் வடிவதற்காக என்பார்கள் சிலர். நீண்ட நேர்கோடு கண்ணுக்குத் தொய்ந்தாற்போலத் தோன்றும், அதைச் சரிக்கட்ட என்பார்கள் சிலர். எனக்குக் காரணம் முக்கியமில்லை. அந்த மூலையில் ஒரு தடவை குனிய வேண்டும். வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது அதிகமில்லை, இது ஒன்று உண்டு.

"மேடம், நீங்க பாத்திருக்கீங்களா?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். "அதுக்கு வர்றேன், மொதல்ல இதை எழுதிக்குங்க" என்று அடுத்த படத்துக்குத் தாவிவிடுவேன். பார்த்திருப்பேன் என்றே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தியதில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஏதென்ஸில் ஒரு கருத்தரங்குக்கு என் கட்டுரை தேர்வானது. விசாவுக்குக் கல்லூரியின் கடிதம் வேண்டும். அன்றைய முதல்வர் அதில் கையெழுத்துப் போட்டார். போட்ட அன்று கருத்தரங்கு தொடங்கி இரண்டாம் நாள். அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு பிள்ளை படிப்பு, மாமியார் இடுப்பு எலும்பு, கொரோனா என்று ஏதோ ஒன்று. இப்போது புவனா போகிறாள்.

புவனா என்னைவிட நாலு வயது இளையவள். சோமனூரில் அப்பா எட்டுத் தறி போட்டிருந்த வீட்டில் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தோம். நான் படிக்கப் போனேன். அவள் பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்று தாராபுரத்து மனோஜ்குமாரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குச் சிமெண்ட், கம்பி வியாபாரம். அவர் சைட் சைட்டாகச் சுற்ற, புவனா கடையில் இருக்கிறாள். லாரியில் கம்பி வந்து இறங்கினால், ஒரு கம்பியின் முனையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடி, நீளவாக்கில் பார்ப்பாள். வளைவு இருந்தால் திருப்பி ஏற்றிவிடுவாள். டிரைவர்கள் அவளுக்குப் பயப்படுவார்கள்.

அன்று சாயங்காலமே போன் செய்தாள்.

"ஏனுங்க்கா, படம் பாத்தீங்களா? நாங்க கிரீஸ் போயிட்டு வாரோமுங்க்கா!"

"பார்த்தேன். சந்தோசம்."

"அந்தக் கோயிலுதான நீங்க பாடம் நடத்தறது? எனக்கு ஒண்ணும் தெரியாது. அங்க போயி என்ன பாக்கோணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க்கா. நீங்க சொல்லறது அத்தனையும் பாத்துப்போட்டு வந்து சொல்றனுங்க."

இருபத்திரண்டு வருடப் பாடம் தொண்டை வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

"பெரிசா ஒண்ணுமில்ல கண்ணு. இடிஞ்சு போன கட்டடம். வெயில் மண்டையைப் பொளக்கும். அரை மணி நேரம் நின்னு போட்டோ எடுத்துட்டுக் கீழ இறங்கிடுங்க. கடைத்தெரு நல்லா இருக்கும்னு சொல்றாங்க."

"அவ்வளவுதானுங்களா?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "சரீங்க்கா."

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் மோகன்குமார் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். "அந்தப் படி விசயத்தைச் சொல்லலையா? கல்யாணமான புதுசுல எனக்கே பத்துத் தடவ சொன்ன."

"அவளுக்கு எதுக்கு அது?"

"வயிறு எரியுது உனக்கு" என்றார். அவருக்கு மோட்டார் வைண்டிங் தொழில். எங்கே சூடேறுகிறது என்று தொட்டுப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவார். எரியத்தான் செய்தது.

செப்டம்பரில் போனார்கள். எட்டு நாளும் நான் அவள் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். பார்ப்பது அவளுக்குத் தெரியக்கூடாது என்று மோகன்குமார் போனில் பார்த்தேன். நீலக் கடல், வெள்ளை வீடு, கறுப்புக் கண்ணாடி போட்ட மாப்பிள்ளை. நான்காம் நாள் பார்த்தீனான் வந்தது. வெந்தய நிறச் சுடிதாரில் புவனா. பின்னால் என் எட்டுத் தூண்கள். கோயிலைத் தன் விரல்நுனியில் தூக்கிப் பிடித்திருப்பதுபோல ஒரு போட்டோ எடுத்திருந்தாள். அதைப் பார்த்தபோது மனதுக்கு இதமாக இருந்தது. இவ்வளவுதான் இவளுக்குத் தெரியும், இவ்வளவுதான் பார்த்திருப்பாள், போட்டோ மட்டும்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை போத்தனூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பை நிறையப் பொருள். ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு, பிஸ்தா, பார்த்தீனான் பதித்த ஃப்ரிட்ஜ் காந்தம். அந்தக் காந்தத்தை அவளே எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். காபியை ஆறவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"கோயிலுன்னு சொன்னாங்களா, நானு மேல போனதும் செருப்பக் கழட்டிப்போட்டனுங்க்கா. கல்லு வழுவழுன்னு வழுக்குது. கைடு அம்மணி போடு போடுங்குது. நானு போடல."

"சரி."

"ஆனா உள்ள அம்மன் இல்லீங்க்கா. நாப்பதடி ஒசரத்துக்குத் தங்கத்துல நின்னுச்சாமா. எங்க போச்சுன்னு கேட்டா ஆருக்கும் தெரியாதுங்கறாங்க. தெரியாதுன்னா எப்பிடீங்க்கா? தூணு, கல்லு, ஒடைஞ்சது, ஒடையாததுன்னு அத்தனையும் நம்பரு போட்டு எண்ணி வெச்சிருக்காங்க. அம்மன் போனதுக்கு ஒரு கணக்கில்ல. எனக்கு அங்கயே அழுக வந்துருச்சு."

என் பாடத்தில் ஏதீனா சிலைக்கு ஒரு வரி உண்டு. உயரம், செய்த பொருள், சிற்பியின் பெயர். சிலை போன பிறகு அந்த வீடு வெறும் வீடு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது என்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்பறமேட்டு அந்தப் படி" என்றாள் புவனா.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அரை மணி நேரம்னு நீங்க சொன்னீங்க. எங்கூட்டுக்காரரும் போலாம் போலாம்னாங்க. எனக்கு அந்தப் படியோட விளிம்பு என்னமோ பண்ணுச்சு. கம்பி பாக்கற மாதிரியே மூலைல குனிஞ்சு ஒத்தக் கண்ணுல பாத்தனுங்க. மானத்த வாங்காத எந்திரின்னாங்க. பாத்தா நடுவுல மேடுங்க்கா! எதிர்க் கோடில ஒருத்தி கயித்தத் தாண்டிக் கைப்பைய வெச்சுப்போட்டு போட்டோ எடுத்துட்டு இருந்தா. அந்தப் பையே எனக்குத் தெரியல. எந்திரிச்சாத் தெரியுது, குனிஞ்சா மறையுது. நாலஞ்சு தடவ எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தேன். காவக்காரன் விசிலடிச்சுப்போட்டான்."

சிரித்தாள். சோமனூர் வீட்டில் தறிக்கு அடியில் காசு கிடைத்தால் சிரிக்கும் அதே சிரிப்பு. என் மூலை. என் குனிதல். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு தாளில் எழுதிக்கொடுக்காமல், கம்பி பார்க்கிற கண்ணால் கண்டுபிடித்துவிட்டு வந்து என் சோபாவில் உட்கார்ந்து எனக்கே சொல்கிறாள். அவள் போனதைக்கூட நான் பொறுத்திருப்பேன். பார்த்ததைப் பொறுக்க முடியவில்லை.

"பழைய கட்டடம்" என்றேன். "பூமி அமுங்கியிருக்கும்."

"அமுங்குனா நடுவுல பள்ளமாத்தான போவும்? மேடு எப்பிடீங்க்கா ஆவும்?"

மோகன்குமார் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

"வேணும்னேதான் அப்படிக் கட்டியிருக்காங்க" என்று கடைசியில் ஒப்புக்கொண்டேன். "பாடத்துல இருக்கு."

"அப்பறம் ஏங்க்கா எனக்குச் சொல்லல?"

"மறந்துட்டேன்."

நம்பிவிட்டாள். "நெம்ப வேலைங்க உங்களுக்கு" என்று சொல்லிப் பிஸ்தா பாக்கெட்டைப் பிரித்து என் கையில் கொட்டினாள்.

அந்தச் சமயத்தில் அவர்கள் தாராபுரம் பைபாஸ் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வந்ததும் புவனா வரைபடத்தை மாற்றினாள். முகப்பில் ஆறு தூண், மேலே முக்கோணம், வாசல் முழுக்க இருபத்தெட்டடி நீளத்துக்கு மூன்று படி. கேள்விப்பட்டதும் எனக்கு ஒருவிதத் திருப்தி. வகுப்பில் காட்ட இன்னொரு படம் கிடைத்தது என்று நினைத்தேன். வீட்டைப் பார்க்க அவள் கூப்பிட்ட போதெல்லாம் பேப்பர் திருத்த இருக்கிறது என்றேன்.

தை மாதம் ஒருநாள் மதியம், மெஸ்ஸில் சாப்பிட உட்காரும்போது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"ஏனுங் அம்மணி, நானு அங்கப்பனுங்க. தாராபுரத்துல தங்கச்சி ஊடு கட்டற மேஸ்திரிங்க."

"சொல்லுங்க மேஸ்திரி."

"ஒண்ணுமில்லீங்க. நாளைக்கு வாசப்படிக்குக் கிரானைட்டு ஒட்டறோமுங்க. தங்கச்சி, மேல் படில நடுவுல ஒன்றரை இஞ்ச் ஏத்தி ரெண்டு பக்கமும் எறக்கிக் கொண்டுபோகச் சொல்லுதுங்க. எங்கக்கா பாடத்துல இருக்குதுங்குது. முப்பது வருசமா மட்டம் புடிக்கறனுங்க. நாளைக்கு ஆராச்சும் தண்ணி டியூப்பு வெச்சு மட்டம் பாத்துப்போட்டு, அங்கப்பன் போட்ட படி கோணலுன்னு சொன்னா எம்பட பேரு போயிருமுங்க. நெசமாவே பாடத்துல இருக்குதுங்களா?"

நான் சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

"உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுதான் சொல்லுச்சுங்க. 'அக்கா இன்னும் அதப் பாத்ததில்ல, இங்கயே காட்டப் போறேன்'னு ஆசையாச் சொல்லுச்சுங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

அக்கா இன்னும் பார்த்ததில்லை. மேஸ்திரி வரைக்கும் சொல்லியிருக்கிறாள். இங்கேயே காட்டப் போகிறாளாம். ஃபைபர் தூணும் கிரானைட்டும் வைத்த வீட்டு வாசலில், தாராபுரம் பைபாஸில், அவள் பார்த்துவிட்டு வந்ததை எனக்குப் படியளக்கப் போகிறாளாம். என் கண்ணில் தண்ணீர் வந்தது. பாசத்தால் வந்த தண்ணீர் இல்லை.

"மட்டமாவே போட்டுடுங்க மேஸ்திரி" என்றேன். "அதெல்லாம் அந்தக் காலம். நம்ம வீட்டுக்குச் சரிப்படாது."

"அப்பாடா" என்றார் அங்கப்பன். "நீங்க சொன்னாச் சரிதானுங்க. தண்ணி வெச்சா நிக்கற மாதிரி மட்டம் போட்டுடறனுங்க."

போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை ரசம் வாங்கி ஊற்றிக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

அதற்கப்புறம் நாலு மாதம் புவனா வாராவாரம் போன் செய்தாள். பெயிண்ட், கதவு, பத்திரிகை என்று பேசினாள். படியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வைகாசியில் புதுமனை புகுவிழா. விடிகாலை ஹோமமும் பால் காய்ச்சுவதும் முடிந்து, நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. காரை விட்டு இறங்கி முகப்பைப் பார்த்தேன். சிரிக்கத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆறு தூண், ஆட்டுக்கடாக் கொம்பு, எல்லாம் நான் நினைத்தபடியே. ஆனால் மேலே அந்த முக்கோணத்துக்குள், கிரேக்கர்கள் தங்கள் தெய்வங்களைச் செதுக்கி வைத்திருந்த இடத்தில், இரண்டு யானைகள் தண்ணீர் ஊற்ற ஒரு கஜலட்சுமி உட்கார்ந்திருந்தாள். முக்கோணத்தின் சரிவுக்குத் தோதாக யானைகள் ஓரத்தில் தாழ்ந்து படுத்திருந்தன. அந்தச் சரிவில் உருவங்களை அடக்கத்தான் கிரேக்கச் சிற்பிகளே திணறினார்கள்.

"அங்க அம்மன் இல்லாமப் போயிருச்சுல்லீங்க்கா" என்று பின்னாலிருந்து புவனா சொன்னாள். அரக்குப் பட்டில் வியர்த்து நின்றாள். "அதான் இங்க வெச்சுப்போட்டேன். தப்புங்களா?"

தப்பில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நான் கற்றுக்கொடுத்த மாணவர்களில் ஒருவருக்கும் இது தோன்றியிருக்காது, எனக்கும் தோன்றியிருக்காது. "நல்லாருக்கு" என்று உதட்டால் சொன்னேன்.

"சித்த இங்க வாங்க" என்று என் கையைப் பிடித்து மேல் படியின் ஒரு மூலைக்கு இழுத்துப் போனாள். சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். மாப்பிள்ளை மனோஜ்குமார் மைக் இல்லாத குறையாக, "புரொபசருக்கு இன்னைக்குப் பரீட்சைங்கோ!" என்றார். தூண் ஓரமாகப் புதுச்சட்டையில் மேஸ்திரி அங்கப்பன் கைகட்டி நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

வாசல் பூஜைக்கு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் போய், இருபத்தெட்டு அடி தள்ளி மறுமூலையில் வைத்தாள் புவனா. திரும்பி வந்தாள்.

"குனிஞ்சு ஒத்தக் கண்ணுல பாருங்க்கா. எலுமிச்சங்கா தெரியுதுங்களா?"

பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தேன். கன்னம் கல்லைத் தொடும் அளவுக்குக் குனிந்தேன். இதே மாதிரி குனிவதை எத்தனை வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். கறுப்புக் கிரானைட் கோடு போட்டதுபோல ஓடியது. மறுமுனையில் எலுமிச்சம்பழம் முழுசாக உட்கார்ந்திருந்தது. அதன் குங்குமப் பொட்டுகூடத் தெரிந்தது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரிகிறது என்றால் அவள் முகம் வாடும், அப்புறம் ஏன் எதற்கு என்று கேள்வி வரும். என் ஒரு சொல்லில் அதை மூடிவிடலாம்.

"தெரியலை" என்றேன். "சுத்தமா மறைஞ்சிருச்சு. அப்படியே பார்த்தீனான்தான் போ."

கூட்டம் கைதட்டியது. புவனா தட்டவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடந்துபோய் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டாள்.

"உள்ள வாங்க்கா, தேங்காப்பை கட்டோணும்" என்றாள்.

சாமான் அறையில் தேங்காய்கள் குவிந்துகிடந்தன. கதவைச் சாத்தினாள்.

"கிரானைட்டு ஒட்டுன அன்னைக்கே குனிஞ்சு பாத்தனுங்க்கா. மட்டமாக் கெடந்துச்சு. மேஸ்திரியப் புடிச்சுக் கேட்டேன். உங்கக்காதான் சொல்லுச்சுன்னாரு. நானு நம்பல. என்ற அக்கா அப்பிடிச் சொல்லாது, தப்ப மறைக்க எங்கக்கா பேர இழுக்காதீங்கன்னு அத்தன பேரு முன்னால பேசிப்போட்டேன். அந்த மனுசன் ரெண்டு நாளு வேலைக்கு வரல."

நான் ஒரு தேங்காயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு நீங்க தெரியுதுன்னு சொல்லியிருந்தா, அவருதான் பொய் சொன்னாருன்னு காலத்துக்கும் நெனச்சிருப்பேன். மறைஞ்சிருச்சுன்னு சொல்றீங்க. அப்ப அவரு சொன்னதுதான் நெசம். இல்லாத மேட்டுல எப்பிடீங்க்கா மறையும்?"

வெளியே நாதஸ்வரக்காரர்கள் சாப்பாட்டுக்கு முந்திய பாட்டை ஆரம்பித்தார்கள்.

"ஏங்க்கா?" என்றாள்.

நிறையச் சொல்லியிருக்கலாம். பதினொரு வருடக் கடிதத்தைச் சொல்லியிருக்கலாம். "நீ பாத்துட்டே" என்றேன். "நான் பாக்கலை. பொறுக்கலை புவனா. நீ போறதுக்கு முன்னாடி சொல்ல மறந்துட்டேன்னு அன்னைக்குச் சொன்னதும் பொய்தான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கம்பி லோடு பார்க்கும்போது வருமே அந்த முகம், அதுதான் வந்தது. அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். எட்டு முழ வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு. வீடு கட்டிய மேஸ்திரிக்குச் சபையில் வைக்கிற மரியாதை. கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை அதன் மேல் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"நானும் எங்கூட்டுக்காரரும் குடுக்கறதா இருந்துச்சு. நீங்க குடுங்க" என்றாள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மோகன்குமார் முன்வரிசையில் இருந்தார். அங்கப்பனை யாரோ முன்னால் தள்ளிவிட்டார்கள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து நின்றார். தட்டை அப்படியே கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். கைதட்டியிருப்பார்கள், போட்டோ எடுத்திருப்பார்கள்.

"மேஸ்திரி" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. வகுப்பெடுத்த குரல். "வாசப்படியை நடுவுல ஏத்தச் சொன்னது புவனா. அவ சொன்னதுதான் சரி. மட்டமாப் போடச் சொன்னது நான். நீங்க சொன்னது பொய்யில்லை."

மாப்பிள்ளை புரியாமல் மோகன்குமாரைப் பார்த்தார். மோகன்குமார் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கப்பன் தட்டை வாங்கிக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். அவருக்கு வேறொரு கவலை இருந்தது.

"அது போகட்டுமுங் அம்மணி. நீங்க இப்பக் குனிஞ்சு பாத்தீங்கல்ல. மட்டம் சுத்தமா இருந்துச்சுங்களா?"

கைதட்டிய அத்தனை பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"சுத்தமா இருந்துச்சுங்க" என்றேன். "எலுமிச்சம்பழம் முழுசாத் தெரிஞ்சுது."

முதல் பந்தியில் எனக்கு இடம் கிடைத்தது, பக்கத்தில் யாரும் பேசவில்லை. புவனாதான் பாயசம் பரிமாறி வந்தாள். எல்லோருக்கும் ஊற்றியது போலவே என் இலையிலும் ஒரு கரண்டி ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த இலைக்குப் போனாள்.